மெரிடா ஸ்டாரின் கீழ்த்தளம்

பிப்ரவரி 11, செவ்வாய்

காலையிலேயே நான் வேலை பார்க்கும் லாட்ஜில் சண்டை. மாடியில் தங்கியிருந்த சேலத்துக் குடும்பம் வெந்நீர் வரவில்லை என்று ரிசப்ஷனில் நின்று கத்தியது. நானும் திருப்பிக் கத்தினேன். திருச்சானூருக்குத் தாயாரைப் பார்க்க வந்தவர்களிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஆனால் என் கோபம் வெந்நீர் பற்றியதல்ல.

விடிகாலையில் என் வீட்டுக்காரர் கப்பலிலிருந்து போன் செய்தார். பயணிகள் எல்லாரையும் இறக்கிவிட்டார்களாம். டான்ஸ் ஹாலில் கம்பளத்தைச் சுருட்டி எடுத்துவிட்டு இரும்புக் கட்டில் போட்டிருக்கிறார்களாம்.

"ராணுவத்துக்காரங்க கப்பல வாடகைக்கு எடுத்துக்கினாங்க அகிலா. ஆளுங்கள ஏத்திக்கினு போவணுமாம்."

"எந்த ராணுவம்? எங்க?"

"சொல்லல."

"நீ எதுக்கு அதுல இருக்க? இறங்கி வா."

"கேட்டோம். நானு, தருண், எல்லாரும் கேட்டோம். பாஸ்போர்ட்ட ஆபீஸ் ரூம்ல வச்சிக்கினு தரமாட்றாங்க."

போன வருஷம்தான் அந்தக் கப்பல் முதல் முதலாகக் கடலில் இறங்கியது. மெரிடா ஸ்டார். அப்போது கண்ணாடிப் படிக்கட்டு, சரவிளக்கு என்று வீடியோ வீடியோவாக அனுப்புவார். அவருக்கும் தருணுக்கும் வேலை என்னவோ அடியில், சலவை அறையில். "எல்லாப் பெட்ஷீட்டும் புதுசு. முதல் மடிப்பு எங்க கை மடிப்பு" என்று பெருமையாகச் சொன்னார். இப்போது அதில் எவன் படுக்கப் போகிறான்?

பிப்ரவரி 14

இவருக்குப் போன் போகவில்லை. நேற்றும் போகவில்லை.

பிப்ரவரி 15, சனி

திருப்பதிக்குப் போய் நாகபூஷணத்தைப் பார்த்தேன். இவரையும் தருணையும் கப்பலுக்கு அனுப்பிய ஏஜென்ட் அவன்தான். ஏசி அறை, சுவரில் பெரிய கப்பல் படம்.

"டென்ஷன் படொத்தம்மா, கவலப்படாத. சேஃப் ரூட். அதுவும் இல்லாம எல்லாரும் இஷ்டப்பட்டுத்தான் போறாங்க."

"இஷ்டப்பட்டவங்க பாஸ்போர்ட்ட எதுக்குப் பூட்டி வச்சிக்கினு இருக்கீங்க?"

சிரித்தான். டீ சொல்லட்டுமா என்று கேட்டான். அந்தச் சிரிப்பு வீடு வரைக்கும் என்னோடு வந்தது. ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருந்த அம்மாள், "ஏம்மா அழுவுற?" என்றாள். நான் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 20

சுமித்ரா போன் செய்தாள். தருணின் மனைவி. வரதய்யபாளையத்தில் வீடு, ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை. "அக்கா, டிவி போடு" என்றாள்.

எரிகிறது. கடல் நடுவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து எரிகிறது. ஏவுகணையாம்.

அந்த டிவிக்காரன்! கப்பல் எத்தனை மாடி, எத்தனை நீச்சல் குளம், சரவிளக்கு எந்த நாட்டிலிருந்து வந்தது, எல்லாம் சொன்னான். "அழகு ராணியின் குறுகிய வாழ்க்கை" என்று பின்னால் சோகமாக வயலின் வேறு. அதில் துணி துவைத்தவன், பாத்திரம் கழுவியவன் என்ன ஆனான் என்று ஒரு வார்த்தை இல்லை. லாட்ஜ் முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, "ச்சே, எவ்ளோ அழகான கப்பலு" என்றார்.

அதுல என் புருஷன் இருக்கான்யா என்று கத்தினேன். அவருக்குத் தெரியாது, பாவம். எனக்கு அதைப் பற்றி அக்கறையும் இல்லை.

பிப்ரவரி 21

நாகபூஷணத்தின் ஆபீஸ் பூட்டிக் கிடக்கிறது. போன் சுவிட்ச் ஆஃப். நானும் சுமித்ராவும் பொழுது சாய்கிற வரை படியில் உட்கார்ந்திருந்தோம்.

பிப்ரவரி 23

உயிரோடு இருக்கிறார். ஏதோ துறைமுகத்து ஆஸ்பத்திரி. ஒரு நர்ஸின் போனிலிருந்து பேசினார். கை வெந்திருக்கிறது.

சுமித்ரா என் பக்கத்திலேயே நின்றாள். "தருண் எங்க?" என்று கேட்டேன். "தெரியல" என்றார். தெரியாதவன் குரல் அப்படி இருக்காது.

அவள் என் முகத்தையே பார்த்தாள். என் முகத்தில் சந்தோஷம் இருந்திருக்கும். மறைக்கத் தெரியவில்லை எனக்கு.

மார்ச் 9, ஞாயிறு

இவரைக் கூட்டி வரப் போனால், சென்னை ஏர்போர்ட்டில் எங்களுக்கு முன்னால் நாகபூஷணம் நிற்கிறான், கையில் சால்வையோடு! போட்டோக்காரன் வேறு. கட்டுப் போட்ட கையோடு வந்த இவருக்குப் போர்த்தினான். அவன் காரில் வரும்போது மெதுவாக ஆரம்பித்தான்.

"மோகன்ராஜு, கேமரா முன்னாடி ரெண்டு வார்த்தை போதும். எல்லாரும் விருப்பப்பட்டுப் போனோம். தருண் சாமான் எடுக்கறேன்னு, வேணாம்னு சொல்லியும் கீழ ஓடிட்டான். அடுத்த கப்பல் ரெடியா இருக்கு உனக்கு."

இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். தடா ஊரைத் தாண்டும்போது எனக்கு அந்தக் காரிலிருந்து குதிக்கத் தோன்றியது.

மார்ச் 12

இன்று பிடித்துக்கொண்டேன் இவரை. "வாயில இன்னா வச்சிக்கினு இருக்க? அவ தெனம் போன் பண்றா. நான் இன்னான்னு சொல்றது? தருண் சாமான எடுக்கப் போனானா?"

எங்கள் குழந்தை அக்ஷயா பயந்து பக்கத்து வீட்டுக்கு ஓடிவிட்டாள்.

இவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"சாமானும் இல்ல, ஒண்ணும் இல்ல. கீழ ராணுவச் சரக்கு வச்சிருந்தாங்க. நாங்க வேடிக்கை பாக்கக் கூடாதுன்னு சலவை ரூம வெளியருந்து பூட்டிடுவாங்க. நான் ஷீட்டு குடுக்க மேல போனேன். அவன் உள்ள துணி காய வச்சிக்கினு இருந்தான். அப்பத்தான் அடிச்சது."

"அப்புறம்?"

"ஓடிப்போய் கதவப் புடிச்சேன். இரும்பு கொதிக்குது. சாவி எவன் கிட்டன்னு தெரியல." கட்டுப் போட்ட கையைத் தூக்கினார். "தட்டினான் அகிலா. உள்ளருந்து தட்டிக்கினே இருந்தான். என்னைத் தூக்கிக்கினு போய்ட்டாங்க."



மார்ச் 14

சுமித்ராவிடம் போய்ச் சொல் என்றேன். முடியாது என்கிறார். "சட்டுனு செத்துட்டான்னு நெனச்சிக்கினு இருக்கட்டும். தட்டுனது அவளுக்கு எதுக்கு?"

என் கோபத்துக்காக அவள் தலையில் இதை இறக்குகிறேனா? ஆனால் சாமானுக்கு ஆசைப்பட்டுச் செத்தான் என்று ஊரெல்லாம் சொல்லுமே. அது?

மார்ச் 17, திங்கள்

காலையில் இவரே சட்டை மாட்டிக்கொண்டு நின்றார். ஒரு கையால் பொத்தான் போட முடியவில்லை. போட்டுவிட்டேன். வரதய்யபாளையம் போனோம்.

எல்லாவற்றையும் சொன்னார். தட்டியதையும். சுமித்ரா அழவில்லை. "கதவ யாருண்ணா பூட்டுனது?" என்று கேட்டாள்.

"சூப்பர்வைசர். கம்பெனி ஆர்டருன்னு சொன்னான்."

"இதையே விசாரணை ஆபீசருங்க முன்னாடி சொல்லுவியாண்ணா?"

என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "சொல்றம்மா" என்றார். அதற்கப்புறம்தான் அவள் அழுதாள்.

ஏப்ரல் 2, புதன்

சென்னையில் இன்று கப்பல் விசாரணை. இவரும் சுமித்ராவும் முதல் பஸ்ஸில் போனார்கள். எனக்கு லீவு கிடைக்கவில்லை.

மதியம் நாகபூஷணம் போன் செய்தான். இந்தத் தடவை டென்ஷன் அவனுக்கு. "உன் வீட்டுக்காரன் பூட்டு, கதவுன்னு என்னென்னவோ எழுதிக் குடுத்துட்டான். இனிமே எந்தக் கப்பல்லயும் அவன் கால் வைக்க முடியாது. தெரியுமாம்மா உனக்கு?"

"தெரியும்" என்றேன். "அவருக்கும் தெரியும். தெரிஞ்சிதான் போனாரு."