குறட்டை நின்ற பிற்பகல்

மார்ச் 4

என் நெஞ்சில் வாழும் துணைவிக்கு,

மேடையுரையை அவையோரே என்று எழுதித் தொடங்கியே பழகிய கை இது. இன்று என் அவை நீ ஒருத்திதான். ஆகவே கேள்! எனக்கு இழைக்கப்பட்ட கொடுமையைக் கேள்! உன் அக்காளின் கால் முறிந்தது, நீ போனாய், அது கடமை. பத்து நாளில் திரும்புவேன் என்றாய்; நாற்பது நாள் கடந்துவிட்டது; இது முறையா? தையற்பொறியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாயே, அது எந்த ஊர் வழக்கம்?

நீ போனதிலிருந்து எனக்குக் கனவில் இசை வரவில்லை. கூட்டம் முடித்து விடியலில் வந்து, பிற்பகலில் அதே கட்டிலில்தான் படுக்கிறேன். முன்பெல்லாம் விழிக்கும்போதே ஒரு மெட்டு நாவில் நிற்கும். கைப்பேசியில் முனகிப் பதிவேன். ஆர்மோனியக்காரர் சுரம் பிரிப்பார். நான் சொல் பூட்டுவேன். பதினொரு பாட்டு அப்படிப் பிறந்தவை. இப்போது விழித்தால் நாவில் வறட்சிதான் நிற்கிறது.

‘கனவில் கேட்டவை’ நூல் அச்சேறக் காத்திருக்கிறது. அச்சகத்தார் நேற்றும் வந்தார். “பன்னெண்டாவது பாட்டு இல்லாம எப்படிண்ணே? சீக்கிரம் தூங்குங்கண்ணே!” என்று சிரித்தார்.

உடனே புறப்பட்டு வா.

உன் துணைவன்


மார்ச் 9

என்னங்க,

வேறு எப்படி அழைக்க? இருபது ஆண்டாக எனக்கு இதுதான் உங்கள் பெயர்.

இங்கே நலம். அக்காவுக்குக் கட்டுப் பிரித்தாகிவிட்டது. ஊன்றுகோலோடு அடுப்படிவரை வந்து என்னை அதட்டுகிறாள். உங்கள் கடிதத்தை அவளேதான் உரக்கப் படித்தாள். “ஏன்டி, உன் வீட்டுக்காரருக்குக் கனவு வரலைன்னா நீ போய் என்ன பண்ணுவ? நீ என்ன தூக்க மாத்திரையா?” என்றாள். நானும் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை.

தைக்கும்போது நான் முனகுவேன். கட்டிலுக்கும் என் மிஷினுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புத்தான். உங்கள் பாட்டுகளில் மூன்றாம் அடி முடியும் இடத்தில் ஒரு நிறுத்தம் வருமே, “விண்ணிலிருந்து இறங்கிய அமைதி” என்று மேடையில் விளக்குவீர்களே, அதைப் பற்றி ஒன்று கேட்கிறேன். தையல் நூலைப் பல்லால் கடித்து அறுக்கும்போது யாரால் முனக முடியும்?

இரத்த அழுத்த மாத்திரையை மறக்காதீர்கள். அலமாரியில் இரண்டாம் தட்டு.

உங்கள் அன்பு மனைவி


மார்ச் 15

அன்பே,

இம்மடலில் முழக்கம் இல்லை. எழுதிக் கிழித்தவை நான்கு.

முதல் ஆறு பாட்டும் கனவென்றே நம்பினேன், இது உண்மை. ஏழாவது அப்படியன்று. சென்ற ஆண்டு, மழை பெய்த ஒரு பிற்பகல். விழித்துவிட்டேன். தடுப்புக்கு அப்பால் பொறி ஓடும் ஒலி. அதன்மேல் உன் குரல். மெட்டு இன்னும் முடியவில்லை. எழுந்து மூன்று எட்டு வைத்திருந்தால் உன் முன் நின்றிருப்பேன். நான் கண்ணை மூடிக்கொண்டேன். நீ முடிக்கும்வரை காத்திருந்து, அப்போதுதான் விழித்தவன் போலக் கொட்டாவி விட்டு, கைப்பேசியை எடுத்தேன். தண்ணீர் கொண்டுவந்த நீ, “கனவுல வந்துச்சா?” என்றாய். “ஆமா” என்றேன்.

அதே வாரத்தில், “உழைத்தவன் பெயரை மறைப்பவன் கள்வன்!” என்று மேடையில் முழங்கினேன். மகளிர் வரிசையில் நீ கைதட்டிக்கொண்டிருந்தாய். அதன்பின் வந்த நான்கு பாட்டும் நான் கண்ட கனவல்ல, ஒட்டுக் கேட்டவை. இதை எழுதும் கை கூசுகிறது.

உன்னிடம் சொல்லிவிட்டேன், ஊர்முன் சொல்ல நா எழவில்லை. பல்லாயிரம் பேர் என் சொல்லை நம்பியிருக்கிறார்கள். நூலின் முதற்பக்கத்தில் ‘என் துணைவிக்குக் காணிக்கை’ என்று அச்சிடச் சொல்கிறேன். பதினொரு பாட்டோடு அச்சு இம்மாதக் கடைசியில் தொடங்கும். அது போதாதா?

நாணத்துடன்,
உன் துணைவன்


மார்ச் 20

என்னங்க,

அன்று உங்கள் குறட்டை நின்றது எனக்குக் கேட்டது.

இருபது ஆண்டாக அந்தச் சத்தத்தோடு தைப்பவளுக்கு அது நின்றால் தெரியாதா? நீங்கள் எழுந்து வருவீர்கள் என்றுதான் முடிவுவரை முனகினேன். வரவில்லை. “கனவுல வந்துச்சா?” என்று வேண்டுமென்றேதான் கேட்டேன். “இல்ல, நீ பாடினது” என்று நீங்கள் சொல்லியிருந்தால் அதுவே எனக்குப் போதும். பேரும் புகழும் கேட்டிருக்க மாட்டேன். அதன்பிறகு நான்கு பாட்டை நானே தெரிந்தே கொடுத்தேன். தெரிந்தே கைதட்டினேன். உங்கள் பொய்க்கு நானும் உடந்தை என்று தையல் மிஷின் முன் உட்காரும்போதெல்லாம் கூசினேன். அக்கா காலுக்காக வந்தேன் என்பது பாதிதான் உண்மை.

காணிக்கை வேண்டாம். என் பொருளை எனக்கே காணிக்கை வைப்பீர்களா?

சொல் உங்களுடையது; மெட்டு என்னுடையது. இந்தக் கடிதத்தைப் படித்ததும் செருப்பை மாட்டுங்கள். அச்சகத்துக்குப் போங்கள். அட்டையிலிருந்து ‘கனவில்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், என் பெயரைப் போடச் சொல்லுங்கள். ஏன் என்று அச்சகத்தார் கேட்பார். அங்கே வேலை செய்பவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி, மேடையில் பேசும் அதே குரலில், காரணத்தைச் சொல்லுங்கள்.

நாளைக்கு அல்ல. கொஞ்சம் படுத்து எழுந்த பிறகும் அல்ல. இப்போதே கிளம்புங்கள்.