சத்தம் கேட்டால் ஓடும் கருப்பி

மதினி,

இன்று காலை பொட்டலில் சாம்பிள் வெடி போட்டுப் பார்த்தார்கள். முதல் சத்தத்துக்கே உங்கள் கருப்பி அங்கே ஓடியது. வெடித்த இடத்தை மோந்துவிட்டு, ஒன்றும் கிடைக்காமல் திரும்பி வந்து என் கையைப் பார்த்து வாலாட்டியது. "போய்த்தொலை சனியனே" என்று கத்தினேன். அது இன்னும் வேகமாக ஆட்டியது. அதன் மேல் என்ன தப்பு?

வீட்டுக்கு வீடு கலர் டிவி வந்த வருஷம் அதைக் குட்டியாகத் தூக்கி வந்தீர்கள். பட்டாசு ஊரான தாயில்பட்டியில் பிறந்த நாய்க்கு வெடிச்சத்தம் ஆகாது! கட்டிலுக்கு அடியில் போய் நடுங்கும், சோறு தண்ணீர் தொடாது. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. தூரத்தில் ஒரு வெடியைப் போட்டு, சத்தம் வந்ததும் அதன் வாயில் ஒரு துண்டு கருவாடு வைத்தேன். சத்தத்துக்கு முந்திக் கொடுத்தால் அதற்கு ஏறாது. நடுங்கினால் இன்னும் தூரம் போவேன். நடுக்கம் நின்ற பிறகு தெருமுனை, பிறகு வாசல். கடைசியில் வெடித்த இடத்திலேயே கருவாட்டைப் போட்டேன். சத்தத்தைத் தேடி ஓடப் பழகிவிட்டது. ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. "ஏ தாயி, அது பயந்துட்டே இருக்கட்டும். நம்ம பொழப்புக்குப் பயந்து ஓடுறதுதான உசுரக் காப்பாத்தும்" என்றீர்கள். "ஒங்களுக்குப் பொறாமை மதினி" என்றேன். வாய்க்கொழுப்பு எனக்கு.

நாம் வேலைபார்த்த பட்டாசுக் கம்பெனியில் மருந்து ரூம் வெடித்த அன்று இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே வந்துவிட்டோம். வந்துவிட்டோமே மதினி! எல்லாரும் வெளியே ஓடிவர, நம் பின்னாலேயே வந்து வெளியே வேப்பமரத்தடியில் கிடந்த கருப்பி உள்ளே ஓடியது, வாலைத் தூக்கிக்கொண்டு. "ஏ கருப்பி! இங்கன வா!" என்று என் கையை உதறிவிட்டு நீங்களும் ஓடினீர்கள். அப்போதுதான் அடுத்த ரூம் வெடித்தது. வால் கருகி நாய் மட்டும் வந்தது.

"வெளிய வந்தவ எதுக்குப் புள்ள திரும்பிப் போனா?" அண்ணன் அன்றிலிருந்து கேட்கிறான். தூக்குவாளியை எடுக்கத்தான் போயிருப்பீர்கள் என்று அவனே முடிவுகட்டிக்கொண்டான். "ஒரு வாளிக்காகச் செத்தாளே பாவி மக" என்று உங்களைத் திட்டித் திட்டி அழுகிறான். நாயின் பின்னால் ஓடினீர்கள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் கேட்டேன். சத்தத்துக்கு ஒன்றுமே கிடைக்காவிட்டால் ஓடுவதை மெல்ல விட்டுவிடும், நடுவில் ஒரு தடவை கொடுத்தாலும் பழையபடி ஆகிவிடும் என்றார். எட்டு மாதமாக நான் ஒன்றும் கொடுக்கவில்லை.

இன்று அடுத்த வெடிச்சத்தம் கேட்டபோது அண்ணன் ஒரு துண்டு கருவாட்டை எடுத்து, "பாவம், அவ வளத்தது" என்று அதன் முன் நீட்டினான். "குடுக்காதண்ணே!" என்று அலறி அவன் கையைத் தட்டிவிட்டேன்.

"ஏன் புள்ள?" என்றான்.

உள்ளே ஓடிவந்து கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுதுகிறேன். சொன்னால் எனக்கு அண்ணன் இல்லை. சொல்லாவிட்டால், நீங்கள் வாளிக்காகச் செத்தவளாகவே இருப்பீர்கள். எட்டு மாதமாக இதைத்தான் நெஞ்சில் சுமந்து திரிகிறேன்.

கதவைத் தட்டுகிறான் மதினி. திறக்கப் போகிறேன்.