சம்பளமில்லாத விடுப்பில் அப்பாவோடு

என் லாரிக்கார அப்பாவுக்கு,

நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். சில மாதங்கள் ஆகின்றன. என் மேசையைப் பின்னறைக்கு மாற்றியிருக்கிறார்கள். வெயில் விழாத இடம். வரிசையில் நிற்கும் மக்களின் முகங்களை இப்போது பார்க்க முடிவதில்லை; குரல்கள் மட்டும் கேட்கின்றன. உங்கள் காரை நான்தான் ஓட்டுகிறேன். மெதுவாகத்தான். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். அடிக்கட்டும்.

இதையெல்லாம் உங்கள் படத்துக்கு முன்னால் நின்று சொல்லலாம். ஆனால் அம்மா பக்கத்தில் இருக்கும்போது என்னால் முழுதாகச் சொல்லி முடிக்க முடிவதில்லை. அதனால் எழுதுகிறேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும். விடுப்பெல்லாம் தீர்ந்து, நோய் மட்டும் தீராமல் வீட்டில் கிடக்கிறவர்கள் நம் பொந்தியான் ஊரில் இன்னும் எத்தனை பேரோ?

நான் அரசாங்க வேலையில் சேர்ந்தபோது நீங்கள் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். டயர் கடைக்காரரிலிருந்து ஆலையில் எடை போடும் சீனர்வரை எல்லோரிடமும் சொன்னீர்கள்: “என் மவ கவர்மெண்டு கிராணி!” தோட்டத்தில் தாத்தா விடியற்காலைப் பிரட்டு வரிசையில் நின்று, கணக்கெழுதும் கிராணி தன் பேரைக் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தவர். அதைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு அந்தச் சொல் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். இப்போது யாருப்பா கிராணின்னு சொல்றாங்க என்று நான் சிரித்தால், “நீ சும்மா இரு லா. எனக்கு நீ கிராணிதான்” என்பீர்கள்.

பிறகு என் விரல்கள் வீங்க ஆரம்பித்தன. முட்டிகள் வலித்தன. முகத்தில் சிவப்பு படர்ந்தது. ஜொகூர் பாருவில் பரிசோதித்துவிட்டு லூப்பஸ் என்றார்கள். நோயை எதிர்க்க வேண்டிய சக்தியே உடம்பைத் தாக்குகிறது, சிறுநீரகத்தையும் தொட்டுவிட்டது, இனி வெயில் ஆகாது என்று அந்த இளம் டாக்டர் விளக்கினார். நீங்கள் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினீர்கள். “அப்ப வெளியாளு இல்ல. நம்ம வீட்டு நாயே நம்மளக் கடிக்குது. அப்படித்தானே?” நான் அதை மலாயில் சொன்னதும் டாக்டர் சிரித்துவிட்டார். அதைவிடச் சரியாகத் தன்னால் சொல்ல முடியாது என்றார். அந்த நாளில் நாம் மூவரும் சிரித்தது அது ஒன்றுக்குத்தான்.

டாக்டர் தரும் விடுப்புச் சீட்டு, எம்சிக்கு மேல் எம்சி. ஒன்று முடிவதற்குள் அடுத்தது. அலுவலகத்தில் விடுப்பு விவகாரங்களைப் பார்க்கும் மலாய்க்காரர் காக் நோர், காக் என்று கூப்பிடுவதற்கேற்ப எனக்குச் சொந்த அக்கா மாதிரி. ஒரு மத்தியானம் அவர் தொலைபேசியில் அழைத்தார். சம்பளத்தோடு தரக்கூடிய நோய் விடுப்பு தீர்ந்துவிட்டது, தனி அனுமதியில் நீட்டியதும் தீரப்போகிறது, அடுத்து அரைச் சம்பளம், அதற்கப்புறம் சம்பளமே இல்லாத விடுப்பு. அதுவும் முடிந்தால் நான் வேலைக்குத் தகுதியா இல்லையா என்று மருத்துவ வாரியம் முடிவு செய்யும். சட்டத்தைச் சொல்லி முடித்துவிட்டு அவரே அழுதார்.

நீங்கள் மின்விசிறியைப் பிரித்துப்போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். நான் சொன்னதைக் கேட்டதும் துணியைக் கீழே வைத்தீர்கள். “லீவு முடிஞ்சா நோவும் முடிஞ்சிரணுமா?”

யாரைக் கேட்டீர்கள் அப்பா? என்னையா, காக் நோரையா, அரசாங்கத்தையா? 

மறுநாள் உங்கள் லாரி முதலாளியிடம் போய் இனி ஓட்ட முடியாது என்று சொல்லிவிட்டு வந்தீர்கள். அம்மா பதறிப்போனார். “எம் மவளுக்கு லீவு இல்ல. அதான் நான் எடுத்துக்கிட்டேன்” என்றீர்கள், கடைக்குப் போய் வந்த மாதிரி.

அம்மா பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலை வேலைக்கு விடியுமுன்னே கிளம்பிவிடுவார். அதன்பிறகு வீட்டில் நீங்களும் நானும்தான். மோசமான நாள்களில் என்னால் சீப்பைக்கூடப் பிடிக்க முடியாது. தலை சிக்குப் பிடித்துக் கிடந்ததை நீங்கள் இரண்டு நாள் பார்த்தீர்கள். மூன்றாம் நாள் நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காரும்மா” என்றீர்கள். வாழ்நாளெல்லாம் லாரி ஸ்டியரிங்கைத் திருப்பிய கைகள். ஒரு முடிகூட இழுபடாமல் சிக்கு எடுத்துப் பின்னல் போட்டன.

“இறுக்கமா இருக்கா?”

“லாரிக்குத் தார்பாய் கட்டின மாதிரி இருக்குப்பா.”

“அப்ப அவுராது.”

அரைச் சம்பளம் தொடங்கிய நேரத்தில் உடம்பு கொஞ்சம் தேறியது போலிருந்தது. நீங்கள் வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் வேலைக்குப் போனேன். மக்கள் வரிசையில் வந்து நிற்கும் முகப்பிடத்தில் உட்கார்ந்தேன். மத்தியானத்துக்குள் கை முத்திரைக் கட்டையைப் பிடிக்க மறுத்தது. எனக்கு முன்னால் நின்ற ஒரு பெரியவர், “பரவால்ல, மெதுவா செய்” என்று மலாயில் சொன்னார். அந்த அன்பைத்தான் தாங்க முடியவில்லை. காக் நோர் உங்களை அழைத்தார். நீங்கள் வந்து, எதுவும் கேட்காமல் என்னைக் காருக்குக் கூட்டிப்போனீர்கள்.

அந்த வாரம்தான் நாம் சண்டை போட்டோம். மருத்துவமனைக்குப் போகும் வழியில், பெக்கான் நானாஸ் ஊரின் அன்னாசிக் கடைகளைத் தாண்டும்போது திடீரென்று சொன்னீர்கள். “வேலைய விட்ரும்மா.”

“நீங்களாப்பா இதச் சொல்றீங்க? ஊரு பூரா கிராணி கிராணின்னு சொன்னவரு!”

“சொன்னேன். இப்ப இதச் சொல்றேன்.”

“வேலையும் போச்சுன்னா நான் யாருப்பா? வெறும் நோயாளி. காலையில எந்திரிச்சா மாத்திரை, சாயங்காலம் மாத்திரை. நான் செத்துருவேன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?”

நீங்கள் காரை ஓரமாக நிறுத்தினீர்கள். லாரிகள் நம்மைக் கடந்து போகும்போதெல்லாம் கார் ஆடியது. சாலையைப் பார்த்தபடியே பேசினீர்கள். “நீ இல்லன்னா கவர்மெண்டு அந்த எடத்துக்கு வேற ஆளப் போட்டுக்கும். எனக்கு யாரு போடுவா?”

மருத்துவமனைக்குப் போனோம். திரும்பும்போது அதே இடத்தில் நிறுத்தி, எனக்கு ஓர் அன்னாசி வாங்கித் தந்தீர்கள். நறுக்கி, உப்பும் மிளகாயும் தூவி. நான் அழுதுகொண்டே தின்றேன்.

அரைச் சம்பளமும் நின்றது. அம்மாவின் சிற்றுண்டிச்சாலைச் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. வாரியத்தின் முன் போகவேண்டிய நாளும் வந்தது. “நான் ஒண்ணும் பேச மாட்டேன். அவங்க என்ன சொல்றாங்களோ அதான்” என்று காலையிலேயே சொன்னீர்கள். வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தீர்கள். உள்ளே மூன்று டாக்டர்கள். கையை மடக்கச் சொன்னார்கள், நீட்டச் சொன்னார்கள், படிகளில் ஏற முடிகிறதா என்று கேட்டார்கள். வேலை செய்ய முடியும் என்றேன். எல்லோரும் இப்படித்தான் சொல்கிறார்கள் என்பதுபோல் மூத்த பெண் டாக்டர் என்னைப் பார்த்தார். வீட்டில் யார் கவனித்துக்கொள்கிறார்கள் என்று கேட்டுவிட்டு, உங்களை உள்ளே கூப்பிட்டார்.

என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் வேலையை விட வேண்டும் என்று நினைக்கிற ஒரே ஆளை அல்லவா அவர்கள் கூப்பிட்டுக் கேட்கிறார்கள்!

நீங்கள் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். உங்கள் தோட்டத்து மலாயில், சொல் சொல்லாகப் பேசினீர்கள். “டாக்டர், நல்ல நாள்ல இவ என்னைவிட நல்லா வேலை செய்வா. நோவு நாள்ல தலை சீவ முடியாது, நான்தான் சீவி விடுவேன். ரெண்டும் உண்மை. வேலை குடுங்க. நோவு நாளைக்கு லீவும் குடுங்க. ரெண்டுல ஒண்ணக் குடுத்து ஒண்ண எடுத்துடாதீங்க.”

மூத்த டாக்டர் என் பின்னலைப் பார்த்தார். “இதுவும் நீங்க போட்டதா?” என்று கேட்டார். நீங்கள் வெட்கப்பட்டுச் சிரித்தீர்கள்.

எப்போது மனம் மாறினீர்கள் அப்பா? அந்த அறைக்குள் வந்த பிறகா, அதற்கு முன்னாலேயா? திரும்பி வரும்போது கேட்டேன். “பசிக்குது, சாப்பிடலாம்” என்றீர்கள். அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

வாரியத்தின் முடிவு வருவதற்குள் அந்தக் காலை வந்துவிட்டது. மருத்துவமனைக்குப் போகவேண்டிய நாள். வழக்கம்போல் எனக்கு முன்னாலேயே போய்க் காரில் உட்கார்ந்திருந்தீர்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஏறி, மருந்துப் பையை மடியில் வைத்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, “போலாம்பா” என்றேன். உங்கள் கை ஸ்டியரிங்கில் இருந்தது. இன்னொரு தடவையும் சொன்னேன்.

மாரடைப்பு என்றார்கள். வலி தெரிந்திருக்காது என்றார்கள். அது உண்மையா?

அலுவலகத்திலிருந்து எல்லோரும் வந்தார்கள். காக் நோரைப் பார்த்ததும், “அப்பாவுக்கு லீவு எழுதணுமே காக்” என்றேன். பெற்றோர் இறந்தால் எங்களுக்குத் தனி விடுப்பு உண்டு. பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. அவர் என்னை அணைத்துக்கொண்டார். “நீ ஏற்கெனவே லீவுலதானே இருக்கே, தங்கச்சி. ஒண்ணும் எழுத வேண்டாம்” என்று மலாயில் சொன்னார். மின்சுடலைவரை என் மேல் வெயில் படாமல் குடை பிடித்தபடி கூடவே நடந்தார். பெரியப்பா மகன்தான் கொள்ளி வைத்தார். அஸ்தியை நம் கடலில் கரைத்தோம்.

முடிவு சில வாரங்கள் கழித்து வந்தது. வேலையில் தொடரலாம். இலகுவான பணி, வெயில் படாத இடம், குறிப்பிட்ட காலத்துக்கொரு முறை மறுபடியும் பரிசோதனை. காக் நோர்தான் கூப்பிட்டுச் சொன்னார். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். கார் வெறுமையாக நின்றது. யாரிடம் சொல்ல ஓடினேன் என்று அங்கே போன பிறகுதான் எனக்கு விளங்கியது.

அம்மா நன்றாக இருக்கிறார். காலையில் இரண்டு கோப்பை தே ஓ, பாலில்லாத தேநீர், கலக்குகிறார், பிறகு ஒன்றைத் தானே குடித்துவிடுகிறார். உடம்பு எனக்கு முன்புபோல் இல்லை, முன்பைவிட மோசமும் இல்லை. முடியாத நாளில் முடியவில்லை என்று போன் செய்து சொல்லிவிடுகிறேன். யாரும் முகம் சுளிக்கவில்லை.

புது வருடம் பிறந்ததும் எனக்கு மறுபடியும் ஆண்டு விடுப்பு கிடைத்தது. நேற்று முதல்முதலாக அதிலிருந்து ஒரு நாள் கேட்டேன். காக் நோரின் முகம் மாறியது. “உடம்புக்கு என்னாச்சு?” என்றார்.

“உடம்புக்கு இல்ல காக். அப்பாவுக்கு.”

வருகிற திதிக்குத்தான் அந்த நாள். காலையில் கோயிலில் உங்கள் பேருக்குப் பூசை. பிறகு அம்மா சமைப்பார், நான் பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்குவேன். வெயில் தாழ்ந்ததும் அம்மாவைக் கடற்கரைக்குக் கூட்டிப்போவேன். இனி ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். இது என் வாக்கு. கைபேசியை வீட்டில் வைத்துவிடுவேன். எந்த அவசரமும் இல்லாமல் இருட்டும்வரை உட்கார்ந்திருப்போம். அன்று முழுவதும் நான் உங்களோடுதான்.

அதற்குச் சம்பளமும் உண்டு, அப்பா.

உங்கள் ஒரே மகள்,
சாந்தினி