ஐஸ்லாந்தின் இரண்டு பட்டாளங்கள்

கம்பம், 6-4-49, புதன்.
காலையிலேயே புழுக்கம். மலைப்பக்கம் மேகம், மழை இல்லை. மூக்குக்கண்ணாடிக்கு நூல் மாற்ற வேண்டும்.

ஞாயிறன்று நான் வேலை பார்க்கும் வாசகசாலையில் மாதிரி சட்டசபை. தீர்மானம்: மேல்நாட்டு ராணுவக் கூட்டணியில் சிறு நாடுகளையும் சேர்ப்பதை இச்சபை ஆதரிக்கிறது. முன்மொழிபவர் வக்கீல் சுந்தரராசு. (இனி வ. என்றே எழுதுவேன். யாராவது இதைப் புரட்டினால்?) பேச்சை வழக்கம்போல் நான் எழுதித் தர வேண்டுமாம். ஏழு வருஷமாக எழுதுவது நான், வாசிப்பது வ., மாலையும் அவருக்கு.

சரி என்றேன். ஏன் சொன்னேன்?

7-4, வியாழன்.
தீர்மானம் உண்மையில் எனக்குச் சம்மதம். சின்ன நாட்டைத் தனியே விட்டால் பெரியவன் விழுங்குவான். மூன்று பக்கம் சுலபமாக வந்தது. நார்வே, டென்மார்க், லக்சம்பர்க். ஐஸ்லாந்தில் பேனா நின்றது. அங்கே ராணுவமே கிடையாது. பத்திரிகையில் சின்ன எழுத்தில் இருக்கிறது. வ. தலைப்புக்குக் கீழே படிப்பதில்லை.

போன சுதந்திர தினக் கூட்டம். வெளியூர்க்காரர் ஒருவர் என்னைக் காட்டி யாரென்று கேட்டார். வ. சொன்னது: “வாத்தியாரா இருந்தாக. இப்ப இங்கன பேப்பர் மடிக்கிறாக.” எல்லோரும் சிரித்தார்கள். பெண்கள் பக்கத்தில் என் மனைவி மீனாட்சி. வீட்டுக்கு வந்து ஒன்றும் கேட்கவில்லை. மார்கழியில் காலமாகிவிட்டாள். கேட்காமலேயே.

எழுதினேன்: ‘ஐஸ்லாந்தின் வீரமிக்க இரண்டு பட்டாளங்கள்.’ அடித்தேன். மறுபடி எழுதினேன்.

9-4, சனி.
பேச்சைக் கொடுத்தாயிற்று. வ. பிரித்துக்கூடப் பார்க்காமல் பையில் வைத்தார். மதியத்துக்கு மோர் மட்டும்.

எதிர்த்துப் பேசுபவர் ஏலக்காய் வியாபாரி முத்தையா. மாலையில் வாசகசாலைக்கு வருவார். அவர் நாற்காலிக்கு முன் பத்திரிகையை மடித்து வைத்தேன், ஐஸ்லாந்துச் செய்தி மேலே தெரியும்படி. மடிப்பது என் வேலைதானே.

படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

10-4, ஞாயிறு.
நல்ல கூட்டம். வ. பட்டாளங்களைக் குரல் உயர்த்தி வாசித்தார். கைதட்டல். முத்தையா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு எழுந்தார்.

“வக்கீலய்யா, அந்த ரெண்டு பட்டாளமும் எங்கன இருக்கு? நம்ம கூடலூர்லயா? அந்த நாட்டுல ராணுவமே இல்லேன்னு பேப்பர்ல போட்டிருக்கே.”

சபை சிரித்து அடங்க நேரமாயிற்று. வ.வுக்கு வியர்வை. தாளை என் பக்கம் நீட்டினார்.

“எழுதுனது வாத்தியாரு. எல்லாப் பேச்சும் அவக எழுதுறதுதான். வயசாச்சு, தெரியாம எழுதிட்டாக.”

எல்லாப் பேச்சும். அத்தனை பேர் முன்னால், அவர் வாயால். மீனாட்சி இல்லை.

எழுந்தேன். சபையில் ஒரு நாளும் பேசியதில்லை.

“தெரிஞ்சுதான் எழுதினேன்.”

உட்கார்ந்தேன். வருத்தமா என்று உள்ளே தேடினேன். இல்லை.

வாக்கெடுப்பு. எண்ணுவது என் பொறுப்பு. வ. வெளியே போய்விட்டார். அவருடைய ஆட்கள் கையைத் தூக்கவில்லை. சிறு நாடுகளுக்கு ஆதரவு: ஒன்று. என் கை.