முதுகில் ஜிப் வைத்த ராட்சதன்

மாஸ்டர்,

இன்று கடை திறந்து அரை மணி கூட ஆகவில்லை. கல்லூரிப் பெண் ஒருத்தி கறுப்பு ரப்பர் துண்டு ஒன்றோடு வந்து நின்றாள். "அங்கிள், இதுல வச்சுத் தைக்கிற மாதிரி ஆறடி நீளத்துக்கு ஜிப் இருக்கா?"

துண்டை வாங்கி மூக்கருகே கொண்டுபோனேன். ரப்பரும் பசையும் கலந்த அதே வாடை. நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஆனாலும் ஒரு நொடி உன் மாடி அறையில் நின்றேன்.

"எதுக்கும்மா?"

"குறும்படம் அங்கிள். கிண்டிப் பக்கம் ஒரு பெரிய மிருகம் நடந்து வருது. டிரெஸ்ஸுக்குள்ள ஆளு இருப்பாரு."

"இதெல்லாம் இப்போ கம்ப்யூட்டர்லயே பண்றாங்களே?"

"பண்ணலாம். ஆனா ஆள் நடந்தாதான் வெயிட்டு தெரியும்."

நீ இருந்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு டீ சொல்லியிருப்பாய். அதனால் நானே சொன்னேன்.

என் குணம் உனக்குத் தெரியும். பையில் பட்டன் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கி வந்தவன் நான். எந்தச் சரக்கைக் கொடுத்தாலும் முதலில் திருப்பிப் போட்டுப் பின்பக்கம்தான் பார்ப்பேன். அந்தப் பார்வைதான் எனக்கு ரங்கநாதன் தெருச் சந்தில் ஜிப்பும் ஹூக்கும் விற்க ஒரு கடையைக் கொடுத்தது. நீ மாடியில் ரவிக்கை வெட்டும் மாஸ்டர். அசல் தமிழனான எனக்கு 'சேட்டு' என்று பெயர் வைத்ததும் நீதான், நான் ஒரு ஹூக் கூட இலவசமாகத் தரமாட்டேன் என்பதற்காக.

ஞாயிற்றுக்கிழமை நமக்கு மூச்சு விட நேரம் இருக்காது. செவ்வாய் மதியம்தான் தெரு கொஞ்சம் அடங்கும். வெட்டு மேஜையில் துணியை ஒதுக்கிவிட்டு அந்தச் சின்ன டிவிடி பெட்டியை வைப்பாய். பழைய ஜப்பான் படம். கடல் பிளக்கும், மலை மாதிரி ஒன்று எழுந்து வரும், ஊர் ஓடும். முதல் நாளே நான் வாயைத் திறந்துவிட்டேன்.

"மாஸ்டர், முதுகுல ஜிப் தெரியுது பாரு."

"உனக்கு வேற இன்னாதான்யா தெரியும்?" என்று படத்தைப் பின்னால் ஓட்டி நிறுத்தினாய். "முள்ளு வரிசைக்கு அடில எப்டி மறைச்சிகீறான் பாரு. தச்சவன் கைய கண்ணுல ஒத்திக்கணும். இவ்ளோ ரப்பர சுமந்துகினு ஒருத்தன் உள்ள நடக்கறான். அவன் கால பாரு சேட்டு, ஜிப்ப பாக்காத."

அப்புறம்தான் கவனித்தேன். விரல் நீள ரயிலுக்குள் விளக்கு எரிந்தது. தெருவுக்குத் தெரு மின்கம்பம், கம்பத்துக்குக் கம்பம் கம்பி. இரண்டு நிமிஷத்தில் மிதித்து நாசமாக்கப் போகிற ஊரை யாரோ மாதக் கணக்கில் உட்கார்ந்து கட்டியிருந்தார்கள். வியாபாரி புத்திக்கு அது அடுக்கவே இல்லை. ஆனால் கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

"அது ஏன் மாஸ்டர் இப்படி எல்லாத்தையும் இடிக்குது?"

"கோவம்லாம் இல்லப்பா. பாண்டி பஜார்ல லாரி பூந்துச்சுன்னா இன்னா ஆவும்? திரும்ப எடம் கீதா? அதான் இடிக்குது."

"நம்ம தெருவுக்கு வந்தா?"

"யாரு திரும்பிப் பாப்பா? 'கொஞ்சம் ஓரமா நில்லுப்பா'ன்னு பையால இடிச்சிட்டுப் போவாங்க."

நீ சிரித்துக்கொண்டுதான் சொல்வாய். ஆனால் கடைசியில் அது தளர்ந்து கடலுக்குத் திரும்பும்போது உன் கண் கலங்கியிருக்கும். நான் பார்க்காத மாதிரி பட்டன் எண்ணுவேன்.

ஆடித் தள்ளுபடிக்கு வாசலில் நிறுத்த ஒரு துணிக்கடை உன்னிடம் ராட்சத உடுப்பு கேட்டது நினைவிருக்கிறதா? இரண்டு வாரம் உன் அறையில் ரவிக்கைக்கு இடமில்லை. ஜிப் நான் கொடுத்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அது விற்காமல் கிடந்த பழைய சரக்கு. போட்டுப் பார்க்க வேண்டிய ஆள் வரவில்லை. "நீதான் அந்த ஒயரம்" என்று என்னை உள்ளே தள்ளி முதுகில் இழுத்து மூடினாய்.

உள்ளே இருட்டு. வாய் வழியாக ஒரு கை அகலத்துக்கு உலகம். ஒரு கால் எடுத்து வைக்க உடம்பு முழுவதும் வேலை செய்ய வேண்டியிருந்தது. தட்டுத் தடுமாறிப் படியிறங்கினேன். பூக்காரம்மா கூடையோடு பின்வாங்கினாள். "யோவ் சேட்டு, செருப்ப பாத்தாலே நீன்னு தெரியுது. ஆனாலும் பக்குனு ஆயிடுச்சுய்யா!" அந்தப் படங்கள் ஏன் பிடிக்கின்றன என்று அன்று எனக்கு விளங்கியது. தெரியும், ஆனாலும். அவ்வளவுதான்.

திரும்பி மேலே வந்தால் ஜிப்பைத் திறக்கிற ரன்னர் நகரவில்லை. நான் கொடுத்த பழைய ஜிப் ரப்பரைக் கவ்விக்கொண்டது. உள்ளிருந்து என் கை எட்டவில்லை. கத்தினேன், வெளியே கேட்கவில்லை. மூச்சு முட்டியது. கடைசியில் நீ அந்தப் பெரிய கத்தரிக்கோலால் முதுகை வெட்டினாய், இரண்டு வார உழைப்பை. நான் சொன்ன முதல் வார்த்தை, "அப்பாடா, காத்து வருது."

அதற்குப் பிறகு எந்தப் படத்திலும் நான் ஜிப்பைப் பற்றிப் பேசவில்லை. அதுதான் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நினைப்பு என்னை ஏமாற்றிய இடத்துக்கு வருகிறேன். நீ எப்போதும் போல வந்தாய், சிரித்தாய், என்னைத் திட்டினாய். கேட்டவர்களுக்கெல்லாம் "கேஸ் டிரபுள்" என்றாய். ஆனால் உன் சட்டையின் பக்கத் தையலில் புது நூல் தெரிந்தது. இன்னொரு வாரம், அதற்கும் உள்ளே இன்னொரு வரிசை. உடம்பு இளைக்க இளைக்க, தொளதொளப்பு தெரியாமலிருக்க நீயே சட்டையைப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாய். ஊரில் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. நான் பார்த்துவிட்டேன். பார்த்தும் மூன்று செவ்வாய் வாயை மூடிக்கொண்டிருந்தேன், 'ஜிப்ப பாக்காத' என்று நீ சொல்லிக்கொடுத்த மாதிரி.

நாலாவது செவ்வாய், திரையில் அது கடலை நோக்கித் திரும்பியபோது எனக்கு அந்த ரப்பர் இருட்டு நினைவுக்கு வந்தது. உள்ளிருந்து கை எட்டாது.

"மாஸ்டர், சட்டைய எத்தன தபா புடிச்ச?"

நீ திரும்பவில்லை. அது இடுப்பளவு தண்ணீரில் இறங்கியது, கழுத்தளவு, பிறகு அலை மட்டும்.

"மூணு."

"வீட்ல தெரியுமா?"

"உனக்கு மட்டும்தான் தெரியும்." அப்புறம் எல்லாவற்றையும் கொட்டினாய். டாக்டர் சொன்னது, மகள் கல்யாணம் முடியட்டும் என்று நீ நினைத்தது, ராத்திரியில் வரும் பயம். எல்லாம் சொல்லி முடித்து, மேஜையில் சாய்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னாய்: "அப்பாடா, காத்து வருதுடா சேட்டு."

மறுநாள் வீட்டில் சொன்னோம், நான் பக்கத்தில் நின்றேன். மகள் கல்யாணத்தை முன்னுக்கு இழுத்தோம். நீ கண்ணால் பார்த்தாய். மூன்று வாரம் முன்பே கேட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் கிடைத்திருக்குமா என்று இப்போதும் கணக்குப் போடுகிறேன். டாக்டர் இல்லை என்றார். நான் நம்பவில்லை.

அந்தப் பெண்ணுக்கு நல்ல சரக்காக ஆறடி வெட்டி, உள்ளேயும் வெளியேயும் இழுக்கப் பிடி உள்ள ரன்னரை மாட்டிக் கொடுத்தேன்.

"உள்பக்கமும் எதுக்கு அங்கிள்?"

"உள்ள இருக்கறவரு தானே திறந்துக்கணும்மா. ஆனாலும் கை எட்டாமப் போகும். வெளிய ஒரு ஆள நிக்க வை. ஜிப்பையே பாத்துக்கிட்டிருக்கற ஆளா."

"அப்படி யாரு அங்கிள் நிப்பாங்க?"

செவ்வாய்க்கிழமை மதியம் என்னையே படப்பிடிப்புக்கு வரச் சொல்லியிருக்கிறாள், மாஸ்டர். உன் மனைவி என்னிடம் கொடுத்த அந்தப் பெரிய கத்தரிக்கோலைச் சாணை பிடித்து வைத்திருக்கிறேன். எடுத்துக்கொண்டு போகிறேன்.