முன் பெஞ்சில் ஒரு பை

கிள்ளான்
30 மார்ச் 2026

அன்புத் தோழி புனிதாவுக்கு,

நேற்று, குருத்து ஞாயிறு காலை எட்டேகாலுக்கு எங்கள் கோவில் முற்றத்தில் இருந்தவர்கள்: ஃபாதர் பிரையன், கமிட்டித் தலைவர் கபிரியேல் அண்ணன், செயலாளர் ஜானிஸ், பீடப் பிள்ளைகள் ஆறு பேர், குருத்தோலை பிடித்த சபையார் நானூறு பேருக்குக் குறையாமல், அப்புறம் நான். கோவிலுக்கு உள்ளே ஒரே ஆள், காவலுக்கு நிற்கும் செக்யூரிட்டி கார்டு, உன் வீட்டுக்காரர் வேலாயுதம் அண்ணன். போனில் சொன்னால் நடுவில் நடுவில் கேள்வி கேட்டு என் கோர்வையைக் கலைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

பவனி பாட்டோடு கிளம்பியது. கதவுக்குப் பத்தடி இருக்கும்போது வேலாயுதம் அண்ணன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"ஃபாதர், உள்ள வராதீங்க. முன் பெஞ்சுல ஒரு பை இருக்கு. உள்ளேர்ந்து டிக் டிக்னு சத்தம் வருது."

கபிரியேல் அண்ணனுக்கு எரிச்சல். "யாராச்சும் இடம் பிடிக்க வச்சிருப்பாங்க லா. எடுத்து ஓரமா வைங்க அண்ணே."

"தொடக் கூடாது சார். யாரோடதுன்னு மட்டும் கேளுங்க."

மைக்கில் மூன்று தடவை கேட்டார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வேலாயுதம் அண்ணன் எல்லோரையும் ரோட்டுக்கு அந்தப் பக்கமுள்ள பள்ளித் திடலுக்கு அனுப்பினார். கையிலிருந்த வாக்கி டாக்கியை அணைத்தார். பக்கத்தில் யாரையும் போன் பேசவும் விடவில்லை. குண்டாக இருந்தால் அந்த அலை பட்டே வெடிக்கலாமாம். ஜானிஸ் திடலிலிருந்துதான் போலீசைக் கூப்பிட்டாள். அவர்கள் வர இருபத்திரண்டு நிமிஷம் ஆனது. அத்தனை நிமிஷமும் ஒருவரும் உள்ளே போய்விடாதபடி கேட்டில் தனியாக நின்றவர் உன் வீட்டுக்காரர்.  சினிமாவில்கூட நான் இப்படிப் பார்த்ததில்லை புனிதா.

போலீஸ் உள்ளே போன சற்று நேரத்தில், உள்ளே அணைக்காமல் விட்ட மைக் வழியாகக் கிணிகிணியென்று மணிச் சத்தம் திடல்வரை கேட்டது. நானூறு பேரும் அப்படியே தரையில் குந்திவிட்டோம். கடைசியில் பார்த்தால், ஒரு மணி நேரத்துக்கு முறுக்கி வைத்த சமையலறை டைமர், ரப்பர் பேண்ட் போட்ட பன்னிரண்டு மெழுகுத்திரி, தீர்த்தம் பிடிக்க இரண்டு போத்தல். அவ்வளவுதான். யார் பை என்று இன்னும் தெரியவில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் கமிட்டி கார்டு தேடியபோது அண்ணன் பெயரைச் சொன்னது நான்தான். நீ பெருமைப்படலாம்.

உன்
டொரத்தி


டெங்கில்
2 ஏப்ரல் 2026

டொரத்தி,

உன் கடிதம் வந்தபோது இவர் வீட்டில்தான் இருந்தார். செவ்வாய்க்கிழமையே உடுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். உங்கள் கமிட்டி இவருடைய செக்யூரிட்டி கம்பெனிக்குப் புகார் எழுதியதாம். சும்மா கிடந்த பைக்குப் பீதியைக் கிளப்பிப் பூசையைக் கெடுத்துவிட்டார் என்று. ஈஸ்டருக்குக் கமிட்டி கூடி முடிவு சொல்லும்வரை வேலை கிடையாது. அறுபத்தொரு வயதில் வேறு யார் எடுப்பார்கள், நீயே சொல்.

"பைய எடுத்து ஓரமா வச்சிருந்தா இந்த வம்பே இல்லல்ல?" என்று நான் கேட்டுவிட்டேன்.

"மெழுகுத்திரின்னு தெரிஞ்சிருந்தா நானே எடுத்து வச்சிருப்பேன். தெரியாதே. தெரியாதப்ப நிக்கத்தான் கார்டு" என்றார்.  சோறு பாதிதான் இறங்கியது.

நீ சினிமா மாதிரி என்று எழுதியிருக்கிறாய்.

ஒன்று சொல்கிறேன். ஒரு மணி நேரம் டைமர் முறுக்கி வைத்து ஜெபம் பண்ணுகிறவள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். இவரிடம் அதை நான் சொல்லவில்லை. அவளே சொல்லட்டும்.

புனிதா


கிள்ளான்
6 ஏப்ரல் 2026

என் புனிதாவுக்கு,

அந்த ஒருத்தி நான்தான்.

உன் கடிதம் சனிக்கிழமை கைக்கு வந்தது. நேற்று ஈஸ்டர் பூசை முடிந்து கமிட்டி கூடியது. கூப்பிடாமலே போய் நின்றேன். ஃபாதர், கபிரியேல் அண்ணன், ஜானிஸ், மற்ற உறுப்பினர் ஐந்து பேர் இருந்தார்கள்.  சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும்.

ஏழே முக்காலுக்கு வந்து டைமரை முறுக்கி ஜெபத்தில் உட்கார்ந்தேன். பவனிக்கு ஆள் சேர்ந்ததும் அதை நிறுத்தாமல் பைக்குள் போட்டு, இடம் பிடிக்கப் பெஞ்சில் வைத்துவிட்டு வெளியே ஓடினேன். வேலாயுதம் அண்ணன் சத்தம் என்று சொன்னதுமே என் பைதான் என்று தெரிந்துவிட்டது. மைக்கில் கேட்ட மூன்று தடவையும் காதில் விழுந்தது. பை வைத்து இடம் பிடிப்பது சுயநலப் பாவம் என்று ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலத்தில்தான் ஃபாதர் பிரசங்கம் வைத்திருந்தார். அன்றைக்கு எல்லோரையும்விடப் பலமாகத் தலையாட்டியவள் நான். நானூறு பேர் முன்னால் கையைத் தூக்க வெட்கம். உனக்கு எழுதும்போதும் மறைத்தேன்.

கபிரியேல் அண்ணன் சும்மா விடுவாரா? "டொரத்தி, நாலாவது தடவ கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் விடவில்லை. "நீங்க எடுத்து ஓரமா வைன்னு சொன்னீங்க அண்ணே. நெஜமாவே ஒருத்தன் கொல்றதுக்குன்னு கொண்டாந்து வச்சிருந்தா, எடுத்த கை இருந்திருக்குமா? உள்ள என்னன்னு எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அவருக்குத் தெரியாது. தெரியாமலே நமக்கும் அந்தப் பைக்கும் நடுவுல நின்னாரு. போலீஸ் அப்புறம்தான் வந்துச்சு. பூசையக் கெடுத்தது நான், அவரில்ல."

இவ்வளவு பேசுவேன் என்று எனக்கே தெரியாது புனிதா. கால் இன்னும் தரையில் படவில்லை.

 ஃபாதர், "புகாரத் திருப்பி வாங்குங்க கபிரியேல். அடுத்த ஞாயிறு பூசைல நானே அவர்ட்ட மன்னிப்புக் கேக்கறேன். டொரத்தியும் என் பக்கத்துல வந்து நிக்கட்டும்" என்றார். ஜானிஸ் அங்கேயே கம்பெனிக்கு எழுதி அனுப்பிவிட்டாள். இன்று காலை பதிலும் வந்துவிட்டது. வேலாயுதம் அண்ணன் வருகிற ஞாயிறே வேலைக்குத் திரும்பலாமாம். ஆனால் கட்டாயம் இல்லை, அவருக்கு இஷ்டம் இருந்தால்தான்.

அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதை நான் சபைக்கு முன்னால் சொல்லிக்கொள்கிறேன். உன்னிடம் சொல்லத்தான் வார்த்தை வரவில்லை. நீ எனக்காக வீட்டில் வாயை மூடிக்கொண்டிருந்தாய். நான் எனக்காகவே மூடிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வருவாரா? நீயும் கூட வருவாயா? இரண்டுக்கும் சீக்கிரம் பதில் போடு.

டொரத்தி