போணிக்கு எந்த விலையை எழுதுவது?

அனுப்புநர்:
ப. காவேரி, க/பெ. பக்கிரி,
கடை எண் 17, நெய்தல் மீன் அங்காடி,
பட்டினப்பாக்கம், சென்னை.

பெறுநர்:
அங்காடி மேலாண்மை அலுவலர் அவர்கள்,
நெய்தல் மீன் அங்காடி,
பட்டினப்பாக்கம், சென்னை.
(நேரில் கொடுக்கப்படுகிறது)

பொருள்: விலைப்பலகை விதியை மீறியதாக எனக்கு இரண்டு எச்சரிக்கை வந்துள்ளது – மூன்றாவது வந்தால் கடை ரத்து – காலையில் பலகையில் எந்த விலையை எழுதுவது என்று தெரிவிக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சாலையோரம் கூடை வைத்து மீன் விற்றுக்கொண்டிருந்த எனக்குச் சென்ற ஆண்டு இந்த அங்காடியில் கடை கொடுத்தீர்கள். குழாயில் தண்ணீர் வருகிறது, தலைக்கு மேல் கூரை இருக்கிறது. அதில் ஒரு குறையும் இல்லை. பிறகு என்னை நன்றி கெட்டவள் என்று யாரும் சொல்லக் கூடாது என்பதால் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

1. கடை திறக்கும்போதே கிலோ விலையைப் பலகையில் எழுத வேண்டும், சாத்தும்வரை எல்லோருக்கும் அதே விலை, கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்பது புதிய விதி. பயிற்சிக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது கை தட்டியவர்களில் நானும் ஒருத்தி. தி.நகரில் புடவை எடுக்கப் போனால், ஒட்டியிருக்கும் விலையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு பணம் கட்டுகிறேன். என்னிடம் வருகிறவர்கள் மட்டும் ஏன் அரைமணி நேரம் பேரம் பேச வேண்டும் என்று எனக்கும் ஆத்திரம் உண்டு.

2. ஆனால் போணியைப் பற்றி அந்தக் கூட்டத்தில் யாரும் பேசவில்லை. அன்றைய முதல் விற்பனைதான் போணி. முதலில் வருகிறவர் கேட்கிற விலைக்கு, கொஞ்சம் கையைக் கடித்தாலும், கொடுத்துவிடுவோம். அந்தப் பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் அடுத்த மீனைத் தொடுவோம். முதல் ஆளை வெறுங்கையோடு அனுப்பினால் அன்று வியாபாரம் ஓடாது. அந்த விலையை இரண்டாவது ஆள் கேட்டதும் இல்லை, நாங்கள் வெளியே சொன்னதும் இல்லை.

3. பலகை வந்த முதல் நாள், நான் சாக்கட்டியைத் தேடுவதற்குள் ஆட்டோ ஓட்டும் அஜித்குமார் வந்துவிட்டார். ஏலத்தில் கிலோ முந்நூற்றைம்பதுக்கு எடுத்த சங்கரா மீனைப் போணி என்று அவருக்கு முந்நூறுக்குக் கொடுத்தேன். உடனே மேற்பார்வையாளர் வந்து பலகையை எழுதச் சொன்னார். விற்ற விலைதானே விலை? முந்நூறு என்று எழுதிவிட்டேன். அதன் பிறகு அடையாறிலிருந்தெல்லாம் ஆள் வந்தது ஐயா. பக்கத்துக் கடை தேசம்மா அக்காவே என்னிடம் இரண்டு கிலோ வாங்கித் தன் கடையில் கூடுதலாக வைத்து விற்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். வெயில் ஏறுமுன் கூடை காலி. பார்த்தவர்கள் எல்லாம் நல்ல வியாபாரம் என்றார்கள். நான் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

4. மறுநாள் உஷாராக, போணிக்கு முன்பே நானூறு என்று எழுதினேன். சாந்தோமிலிருந்து வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ராபர்ட் சார் முதலில் வந்தார். நெடுநாள் வாடிக்கை, கைராசிக்காரர். அவருக்கு முந்நூற்றைம்பதுக்குக் கொடுத்தேன். அடுத்து நின்ற அம்மாள் பலகையைக் காட்டி, “அவருக்கு ஒரு வெல, எனுக்கு ஒரு வெலயா? இன்னா நாயம் இது?” என்று கத்திவிட்டார். அவர் கேட்டதும் நியாயமாகத்தான் பட்டது. முதல் எச்சரிக்கையும் அபராதமும் அன்று வந்தன.

5. அதற்கடுத்த நாள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. முதலில் வந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். போணி ஆகாத கடை என்று தெரிந்ததும் மற்றவர்களும் தள்ளியே போனார்கள். மதியம் ஐஸ் கரைந்து மீன் தொளதொளத்துவிட்டது. மெஸ் நடத்தும் கனகராஜ் குழம்புக்கு ஆகும் என்று வந்தார். அதைக் காலை விலைக்கு யார் வாங்குவார்? இருநூறுக்குத் தள்ளிவிட்டேன். இரண்டாவது எச்சரிக்கை, மறுபடியும் அபராதம். விலையைக் கூட்டி விற்றதற்கு அபராதம் என்றால் புரிகிறது. குறைத்ததற்கும் ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

6. பி.காம். படிக்கும் என் மகள் அஸ்வினி, தேவையும் வரத்தும் சந்திக்கிற இடம்தான் விலை என்கிறாள். எங்கள் கடையில் அவை காலையில் ஓரிடத்திலும் மதியம் வேறோரிடத்திலும் சந்திக்கின்றன. பலகையிலோ ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது. தேசம்மா அக்கா, “வெலய பெரிசா எய்தி வெச்சிக்கோடி, போணிக்கும் தாங்கும்” என்கிறார். பெரிதாக எழுதினால் கிட்டே யார் வருவார்? என் கணவர் போணியையே விட்டுவிடச் சொல்கிறார். முதல் ஆள் இல்லாமல் இரண்டாவது ஆள் எப்படி வருவார்? மூன்று பேர் சொல்வதும் சரியாகத்தான் இருக்கிறது, அதனால்தான் தலை சுற்றுகிறது.

7. இந்தக் கடையும் போனால் நான் பழையபடி சாலையோரமும் உட்கார முடியாது. அங்கே தடுப்பு வைத்துவிட்டீர்கள். மீனைத் தவிர எனக்கு வேறு தொழில் தெரியாது. பயமாக இருக்கிறது ஐயா.

ஆகவே, அபராதத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. விதியை எடுக்கவும் சொல்லவில்லை, அது நல்லதா கெட்டதா என்று எனக்கே இன்னும் தெளியவில்லை. நாளைக் காலை கடை திறக்கும்போது தாங்கள் ஒருமுறை நேரில் வர வேண்டும். தாங்கள் சொல்லும் விலையைத் தங்கள் கண்முன்னே பலகையில் எழுதுகிறேன். பிறகு, பலகையில் உள்ள விலையைப் பேரம் பேசாமல் கொடுத்து, தாங்களே எனக்குப் போணி செய்ய வேண்டும். தாங்கள் குறைத்துக் கேட்டால் என்ன செய்வது என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டுகிறேன்.

நாள்: 14.07.2025
இடம்: பட்டினப்பாக்கம்

தங்கள் வரவை எதிர்பார்க்கும்,
ப. காவேரி
(ஒப்பம்)